ஸ்பெயின் தேசத்து நாடா

எங்கள் பக்கத்தில் ஸ்பானிஷ் பாஷை தெரிந்து யாருக்கும் ஒரு காரியமும் ஆகப்போவதில்லை. பெரம்பலூர் பருத்திக் கடையில் அது செல்லாது. அரியலூர் ரயிலடியிலும் செல்லாது. அப்படியிருக்க நான் எதற்காக அதைக் கற்கப்போனேன் என்று கேட்டால், மாமனார் வீட்டில் என் இலையில் இரண்டாவது முட்டை வைக்க ஆரம்பித்திருந்தார்கள், அதற்காகத்தான்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வாத்தியார் என்றால் ஏனோதானோ வாத்தியார் இல்லை. இங்கிலீஷ் 'ப'வைச் சொன்னால் முன்பெஞ்சுக்காரன் தலைமயிர் பறக்க வேண்டும், 'ட'வைச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஆணி அடித்தாற்போல் ஒலிக்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று வருஷக்கணக்காகப் பழகியவன். தமிழ் பேசும்போதும் அந்தப் பழக்கம் விடாது. நான் பந்தியில் 'பருப்பு' என்று கேட்டால் பரிமாறுகிறவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள். அரியலூரிலிருந்து தெற்கே ஏலாக்குறிச்சிக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். பாதி ஊர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மாமனார் அங்கே உபதேசியார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பார், கோயில் மணி அடிக்க ஏற்பாடு செய்வார், சாமியாருக்கு ஊரையும் ஊருக்குச் சாமியாரையும் விளக்கிச் சொல்வார். சனிக்கிழமைதோறும் நான் பெரம்பலூரில் பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ் ஏறுவேன். மேடு வந்தால் அது எங்களை இறக்கி நடக்க விட்டுவிட்டுத் தான் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். அரியலூரில் இறங்கி, கிடைத்த மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு மாமனார் ஊர் போய்ச் சேர்வேன்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை மாமனார் கவலையாக உட்கார்ந்திருந்தார்.

"புதுசா ஒரு சாமி வராரு மாப்ள. பழைய சாமி மாதிரி பிரெஞ்சுக்காரரு இல்லியாம். ஸ்பெயினாம். இங்லீஷ் கொஞ்சம் வருமாம், தமிழ் இனிமேதான் படிக்கணுமாம். அது என்ன பாஷைங்க, அந்த ஸ்பெயின் பாஷை?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஓ, ஸ்பானிஷா? அது நம்மகிட்ட புஸ்தகமே இருக்கே" என்றேன்.

புஸ்தகம் இருந்தது பொய்யில்லை. திருச்சியில் பழைய புஸ்தகக் கடையில் அட்டையின் அழகுக்காக வாங்கியது. இங்கிலீஷ்காரர்கள் ஸ்பானிஷ் கற்க ஓர் இங்கிலீஷ்காரர் எழுதியது. எந்த எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று சொல்லும் முதல் அதிகாரத்தை மட்டும் கரையான் தின்றுவிட்டிருந்தது. அந்தக் கரையான் இன்று உயிரோடிருந்தால் என்னைவிட நன்றாக ஸ்பானிஷ் பேசும்.

"மாப்ளைக்கு ஸ்பெயினும் தெரியும்" என்று மாமனார் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது முட்டை வந்தது. அதன்பிறகு வாராவாரம் வந்தது. முட்டையைச் சாப்பிட்டுவிட்டு பாஷை தெரியாது என்று எப்படிச் சொல்வது?

புதுச் சாமியார் நெட்டையான மனிதர். நல்ல சிரிப்பு. சிரிக்கும்போது மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லாதது தெரியும். 'சாப்பிட்டாச்சா' என்ற ஒரு தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் முழுவதையும் சமாளித்தார். பொழுது விடிந்தாலும் சாப்பிட்டாச்சா, பாவசங்கீர்த்தனம் முடிந்தாலும் சாப்பிட்டாச்சா. மாமனார் என்னை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "நம்ம மாப்ள, ஸ்பெயின் பேசுவாரு சாமி" என்றார். நான் புஸ்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கரையான் விட்டுவைத்திருந்த முதல் வாக்கியத்தைச் சொன்னேன். சாமியார் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில், "இது எந்த பாஷை?" என்று பணிவாகக் கேட்டார்.

மாமனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்ன சொல்றாரு?" என்றார்.

"ஆச்சரியப்படுறாரு" என்றேன்.

சாமியார் நல்லவர். காட்டிக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் பங்களாவுக்கு வா, உச்சரிப்பைச் சரிசெய்துவிடலாம் என்றார். எங்கள் பக்கம் சாமியார் குடியிருக்கும் வீட்டைப் பங்களா என்போம், ஓலை போட்டதாக இருந்தாலும். அங்கே பாடம் தொடங்கியது.

முதல் பாடம் 'ப'. ஸ்பானிஷ் 'ப'வில் காற்று வரக்கூடாதாம். ஒரு தீக்குச்சியைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். சுடர் அசையாமல் 'பாத்ரே' சொல்ல வேண்டும். நான் சொன்னேன். குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. மூன்றாவது தடவை அவர் புருவத்தில் சாம்பல் பறந்தது. என் அப்பன், பாட்டன் எல்லாரும் பிறந்ததிலிருந்து காற்றில்லாத 'ப'வைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'பல்', 'பால்', 'பாயி' என்று நானும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தேன். அதை ஒழித்துக்கட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது அதே 'ப'வைத் திரும்பக் கொண்டுவா என்றால் எங்கே போவது? வீட்டுக்கு வந்தும் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்புப் பற்றவைக்கப் பெட்டியைத் திறந்த மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, பாஷை படிக்கிறீங்களா, வெளக்கணைக்கப் பழகுறீங்களா? நெருப்புப்பெட்டி கெடைக்கிற கெடைப்பு தெரியும்ல ஒங்களுக்கு?"

அடுத்தது தொண்டையிலிருந்து வருகிற 'ஹ'. அதை நான் வீட்டு முற்றத்தில் பழகியபோது மாமியார் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். அதுவும் குடிக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் பரவாயில்லை. என்னைக் கவிழ்த்தது சாமியாரின் முன்பல்.

அவர் ஸ்பானிஷில் சில எழுத்துகளைச் சொல்லும்போது நாக்கு பல்லிடுக்கில் வந்து எட்டிப்பார்க்கும். நான் 'ஸ' என்று படித்த இடத்தில் அவர் 'த' மாதிரி ஒன்றைச் சொல்வார். 'கிராஸியாஸ்' என்று நான் நன்றி சொன்னால் 'கிராத்தியாஸ்' என்பார். நான் கணீரென்று 'ட' போட்டு 'டோடோ' என்று படித்தால், அவர் மெத்தென்று 'தோதோ' என்பார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பாவம், பல் போனதால் காற்று அந்த வழியாக ஒழுகுகிறது. ஸ்பெயினில் இருந்தபோது எப்படிக் கணீரென்று பேசியிருப்பாரோ! தெத்திப் பேசுகிற பெரிய மனிதர் முன்னால் நாமும் தெத்திப் பேசிக் காட்டினால் அது கேலி செய்வதாகாதா? அதனால் மரியாதைக்காக அவர் சொல்கிற ஒவ்வொரு 'த'வையும் மனசுக்குள்ளேயே 'ட'வாகத் திருத்திக்கொண்டேன். அவர் "நோ, நோ, தோதோ" என்று நாக்கை நீட்டிக் காட்டினால், "எஸ் ஃபாதர், டோடோ" என்று அனுதாபத்தோடு சொல்வேன். அவர் பெருமூச்சு விடுவார். பல்லை நினைத்து வருத்தப்படுகிறார் என்று நானும் பெருமூச்சு விடுவேன்.

புஸ்தகத்தில் நானாகப் படித்த வார்த்தைகளையும் அப்படியே 'ட' போட்டுத்தான் மனப்பாடம் செய்தேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'நாடா'. ஸ்பானிஷில் அதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். அந்தச் சமயம் மனைவிக்கு வயிறு பெரிதாகிக்கொண்டிருந்தது. உள்பாவாடை நாடா எட்டவில்லை. அரியலூரிலிருந்து நீளமாக ஒரு நாடா வாங்கி வரச் சொல்லியிருந்தாள். நான் மறந்துபோய் வெறுங்கையோடு வந்து நின்றேன்.

"எங்க நாடா?"

"வாங்கிட்டேனே."

"எங்கங்க?"

"ஸ்பெயின் தேசத்துல நாடான்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தம். நீ கேட்டதத்தான் வாங்கியாந்திருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஸ்பெயின் தேசத்துப் பொம்பளைங்க பாவாடையைக் கையிலயே புடிச்சிக்கிட்டுத் திரிவாங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். அடுத்த வாரமும் மறந்தேன். அதற்கடுத்த வாரமும்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டார்கள். நான் மாமனார் வீட்டிலேயே வந்து தங்கினேன். அப்போதுதான் சாமியாருக்குக் காய்ச்சல் கண்டது.

குளிர்காய்ச்சல் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ஆனால் இது கடுமையாக இருந்தது. இரண்டு நாளில் மனிதர் கொஞ்சநஞ்சம் இருந்த இங்கிலீஷையும் சாப்பிட்டாச்சாவையும் மறந்துவிட்டார். ஸ்பானிஷிலேயே முனகினார். கண்ணைத் திறந்தாலும் எதிரில் இருப்பது யார் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை வயிற்றில் கையை வைத்து ஏதோ சொன்னார் என்று மாமனார் பயந்துபோய் அரியலூர் டாக்டரிடம் சைக்கிளில் ஆள் அனுப்பினார். டாக்டரால் வரமுடியவில்லை. கொயினா மாத்திரையும் ஒரு கேள்வியும் கொடுத்தனுப்பினார். வயிற்றில் வலி இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். வலி இருந்தால் குடல்வாலாக இருக்கலாம். ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வண்டி கட்டி அரியலூர் கொண்டுவந்து விடுங்கள், திருச்சிக்கு ரயிலேற்றிவிடலாம். வலி இல்லை என்றால் வெறும் குளிர்காய்ச்சல்தான். அப்போது ஆளை அசைக்கவே கூடாது. இந்த நிலையில் கோடை வெயிலில் அந்தப் பாதையில் குலுக்கிக்கொண்டு வந்தால் உயிருக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. அதை ஸ்பானிஷில் கேட்க வேண்டும். ஊரில் ஸ்பானிஷ் தெரிந்தவர் ஒருத்தர்தான்.

மாமனார் என்னைத் தேடிக்கொண்டு வந்தபோது நான் கிணற்றடியில் இருந்தேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் மூளை போகும், பிறகு கால் போகும், நாக்கு மட்டும் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும். "இதோ வந்துட்டேன் மாமா, இது ஒரு பெரிய விஷயமா?" என்று நாக்கு சொல்லிவிட்டது.

பங்களாவில் கூட்டம். பெண்கள் ஒரு மூலையில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாமியார் கட்டிலில் கிடந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் உள்ளே நுழைந்த நேரம் அவர் கண்ணைத் திறந்து, "தெங்கோ செத்" என்றார்.

கூட்டம் என்னைப் பார்த்தது. 'தெங்கோ' என்றால் 'எனக்கு இருக்கிறது'. அது தெரியும். எது இருக்கிறது? 'செத்' என்ற வார்த்தை நான் படித்த புஸ்தகத்தில் இல்லை. (இருந்தது. கடைசியில் 'ட்' போட்டு, 'செட்' என்று படித்திருந்தேன். தாகம் என்று அர்த்தம்.) நான் நெற்றியைச் சொறிந்துகொண்டிருக்கையில் என் மனைவி முழங்காலிலிருந்து எழுந்தாள்.

"தேங்கா கேக்குறாருங்க. தேங்கா இல்லேன்னா செத்துருவேங்கிறாரு. காதுல விழலியா?" என்று வெளியே போய் ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்து வாயில் வைத்தாள். அவர் கடகடவென்று முழுவதையும் குடித்தார். கூட்டம் என் மனைவியைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. இரண்டு பார்வைக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இனி தாமதிக்க முடியாது. வலிக்கு ஸ்பானிஷில் 'தொலோர்' என்று வார்த்தை. நான் கட்டில் அருகே குனிந்து, எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான உச்சரிப்பில், "டோலர்?" என்றேன்.

"டாலரா? இந்த நேரத்துல சாமி கழுத்துச் சங்கிலி டாலரை எதுக்குங்க கேக்குறீங்க?" என்றார் மாமனார் அதிர்ச்சியாக.

"மாமா, சும்மா இருங்க." வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். "டோலர்? டோலர்?"

சாமியார் என் கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். அவருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. தலையை மெல்ல அசைத்தார். மெத்தென்று, தெளிவாக, நாக்குப் பல்லிடுக்கில் வந்துபோக, பதில் சொன்னார்:

"நாத... நாத."

மூலையில் இருந்த பெண்கள் ஒரே குரலில், "நாதா!" என்றார்கள்.

மாமனார் கைகூப்பினார். கண்ணில் நீர். "தமிழ்ல கூப்புடுறாரு மாப்ள. சேசுநாதா, சேசுநாதான்னு நம்ம பாஷையில ஆண்டவரைக் கூப்புடுறாரு. வலி தாங்க முடியலீங்க. இல்லேன்னா மனுசன் ஏன் அப்புடிக் கூப்புடுறாரு?" பிறகு என்னிடம் திரும்பினார். "இல்ல, அது ஸ்பெயின் வார்த்தைங்களா? நீங்க சொல்லுங்க."

சாமியார் இன்னொரு முறையும் சொன்னார். "நாத."

நான் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். மனப்பாடம் செய்த வார்த்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாக அந்தச் சத்தத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'நாடா' என் மனசில் ஒரு முறை எட்டிப்பார்த்தது. ஆனால் அதன் பின்னால் உள்பாவாடையும் வந்தது. சாகக்கிடக்கிற சாமியார் பக்கத்தில் நின்று இதையா நினைப்பது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அதை விரட்டிவிட்டேன்.

"இது ஸ்பானிஷே இல்லை. தமிழ்தான். வண்டியைக் கட்டுங்க" என்றேன்.

வண்டி கட்டினார்கள். வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் போட்டுச் சாமியாரைக் கிடத்தினோம். தலைமாட்டில் மாமனார், கால்மாட்டில் நான். வண்டிக்காரர் எங்கள் ஊர்க்காரர்தான். காதில் கடுக்கன் போட்ட மனிதர், தன் மாடுகளைப் பற்றி யாராவது குறை சொன்னால் தவிர மற்ற எதற்கும் கோபப்படாதவர். ஊர் எல்லைவரை ஜனங்கள் ஜெபம் சொல்லிக்கொண்டு கூடவே வந்தார்கள். சாமியார் கையை ஆட்டி ஆட்டி ஏதோ மறுத்தார். ஆசீர்வாதம் கொடுக்கிறார் என்று எல்லாரும் தலைகுனிந்தார்கள்.

பாதை என்றால் கோடையில் காய்ந்துபோன வண்டித்தடம். சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது சாமியார் உடம்பு ஒரு சாண் எழும்பி விழுந்தது. கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் வண்டித் தட்டியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார்.

"பர! பர!"

மாமனார் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என் முகம் மலர்ந்தது. இந்த வார்த்தை எனக்குத் தெரியும்! புஸ்தகத்தில் மூன்றாம் அதிகாரம். 'பர' என்றால் 'ஆக', 'அவனுக்காக', 'இவளுக்காக' என்பதில் வருகிற 'ஆக'.

"இது ஸ்பானிஷ்தான் மாமா. 'க்காக, க்காக'ங்கிறாரு. யாருக்காகவோ வேண்டிக்கிறாரு."

"யாருக்காக?"

"அதைச் சொல்லல."

"நமக்காகத்தாங்க இருக்கும்" என்று மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னா வாத்தியாரே, இதுக்குப் போயி அர்த்தம் சொல்லிக்கிட்டு. பற, பறன்னு அவருதான் வாய்விட்டுச் சொல்றாரே! மெதுவாப் போனா உசுரு தங்காதுன்னு அவருக்கே தெரிஞ்சிபோச்சி." மாடுகளின் வாலை முறுக்கினார். "போடா ராசா! சாமி பறக்கச் சொல்றாரு!"

மாடுகள் பறந்தன. சாமியார் 'பர' என்று கத்தக் கத்த வண்டிக்காரர் முறுக்கினார். அவர் முறுக்க முறுக்கச் சாமியார் கத்தினார். இரண்டு பேருக்கும் நடுவில் நான், அர்த்தம் தெரிந்த பண்டிதனாக, சாமியார் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு திருப்பத்தில் சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி, வண்டி குடைசாய்ந்தது. மாமனார் ஒரு கருவேலஞ்செடிப் பக்கம் போனார். நான் பள்ளத்தில் போய் விழுந்தேன். என்மேல் வைக்கோல் விழுந்தது, வைக்கோல்மேல் சாமியார் விழுந்தார்.

அதிர்ச்சியா, உள்ளே போன மாத்திரையா, என் மேல் விழுந்த புண்ணியமா தெரியாது, அவருக்குக் குப்பென்று வியர்த்தது. உடம்பு குளிர்ந்தது. எழுந்து உட்கார்ந்தவர் என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, இங்கிலீஷில், "என்னை எங்கே கடத்திக்கொண்டு போகிறீர்கள்?" என்றார்.

"டாக்டரிடம், ஃபாதர்" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டியை நிமிர்த்தி, நடைபோட்டு, பொழுது சாயும் நேரத்தில் அரியலூர் சேர்ந்தோம்.

டாக்டர் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். "வலி இருக்கிறதா, ஃபாதர்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இப்போது இருக்கிறது" என்றார் சாமியார், இடுப்பைத் தடவிக்கொண்டு. "வண்டியில் ஏறியபின் இருக்கிறது."

"அதற்கு முன்னால்?"

"முன்னாலா? நாத."

மாமனார் சட்டென்று கைகூப்பி, "நாதா!" என்றார்.

"நோ, நோ." சாமியார் அவரைப் பார்த்து, பிறகு டாக்டரைப் பார்த்து, கையை விரித்தார். "நாத. ஒன்றுமில்லை. இவர் வயிற்றைக் காட்டி ஏதோ கேட்டது ஞாபகமிருக்கிறது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதானே சொன்னேன்? வண்டியிலும் 'பர, பர', நிறுத்து, நிறுத்து என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஏன் யாரும் நிறுத்தவில்லை?"

டாக்டர் இதைத் தமிழில் மாமனாருக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அசைக்கக்கூடாதுன்னு அவ்வளவு சொல்லியனுப்பிச்சேன். கொஞ்சம் பலவீனமான ஆளா இருந்திருந்தா வழியிலயே போயிருப்பாரு. இவர் பேசினதுக்கு அர்த்தம் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மருந்துக் கம்பெனிக் காலண்டரைப் பார்த்தார். "ஊர்ல யாரோ" என்றார். வண்டிக்காரரைக் கேட்டபோது அவரும், "எனக்குப் பாஷையெல்லாம் தெரியாதுங்க. பறன்னு சொன்னாரு, பறந்தேன்" என்றார். வேதப் புஸ்தகத்தில் வருகிற மாதிரி வெளியே ஒரு சேவல் மட்டும் கூவியிருந்தால் நான் அங்கேயே முழங்காலில் விழுந்திருப்பேன். அவர்கள் மறுதலித்தது கோழைத்தனத்தால் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான். அதுதான் இன்னும் சுட்டது. நான் கையைத் தூக்கினேன், என் வகுப்பில் பதில் தெரியாத பையன் தூக்குகிற மாதிரி, பாதி உயரத்துக்கு.

"நான்தான் சார்."

"எங்க படிச்சீங்க ஸ்பானிஷ்?"

"இவர்கிட்டத்தான்" என்றேன்.

சாமியார் முதலில் சிரிக்கவில்லை. 'நாத' என்பதை நீ எப்படிச் சொல்வாய், சொல் என்றார். சொன்னேன். டாக்டர் மேஜை அதிர்ந்தது. சாமியார் விழிகள் விரிந்தன. இவ்வளவு நாள் நான் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டினேனே, எதற்கென்று நினைத்தாய் என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பல்லைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நானாக அனுதாபப்பட்டதையும், மரியாதைக்காகத் திருத்திக்கொண்டதையும் சொன்னேன். அவர் தன் முன்பல் இடுக்கை நாக்கால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்க வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தார். "ஸ்பெயின் முழுவதற்கும் பல் போய்விட்டது என்று எழுதிப்போடுகிறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தச் சிரிப்பின் நடுவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தப் பார்த்தார். நாக்கை முட்டாதே, பல்லைச் சும்மா தொட்டுவிட்டு விடு, நாத. நான் முயற்சி செய்தேன். வெட்கத்தில் நாக்கு முன்னைவிட விறைத்துக்கொண்டு நின்றது. "நாடா." இன்னொரு முறை. "நாடா." உன் தாய்ப்பாஷையிலேயே இந்த எழுத்து இருக்கிறதே, உன் மாமனார் எவ்வளவு அழகாகச் சொல்கிறார் பார் என்றார். மாமனார் தன் பெயர் அடிபடுவதை உணர்ந்து பவ்யமாக, "நாதா" என்றார். என்னால் மட்டும் முடியவில்லை.

சாமியார் நாலு நாள் டாக்டர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. ராத்திரி ரயிலடியில் படுத்துக் கிடந்துவிட்டு, விடிந்ததும் நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம். பாதி வழியில் வண்டி குடைசாய்ந்த இடம் வந்தது. மாமனார் சிதறிக் கிடந்த வைக்கோலைப் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"இங்லீஷோட நிறுத்திக்குவோங்க."

"சரிங்க மாமா."

முட்டை போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. முட்டை போகட்டும். அந்த மனிதர் பள்ளத்தில் கழுத்து ஒடிந்து கிடந்திருந்தால், 'தமிழ்தான், வண்டியைக் கட்டுங்க' என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வெயில் ஏறியது. தொண்டை வறண்டது. ஊர் தெரிந்தபோது எனக்கு நாக்கை அசைக்கக்கூடத் தெம்பில்லை.

வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி. எங்களை எதிர்பார்த்து நேற்றிலிருந்தே அங்கே நின்றிருப்பாள் போலிருந்தது. நான் வண்டியிலிருந்து இறங்கியதும் என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"அரியலூர் வரைக்கும் போனீங்களே. என்ன வாங்கியாந்தீங்க?"

அப்போதுதான் எனக்கு நாடா ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரிய ஊரில் ஒரு ராத்திரி முழுவதும் கிடந்துவிட்டு இந்தத் தடவையும் மறந்திருந்தேன். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்றும் வாங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். களைப்பில் துவண்டுபோயிருந்த நாக்கு, மேலண்ணத்துக்கு ஏறத் தெம்பில்லாமல், தானாகப் பல்லிடுக்கில் வந்து சாய்ந்தது.

"நாத" என்றேன்.

சரியாக வந்துவிட்டது! சுத்தமான, மெத்தென்ற, ஸ்பெயின் தேசத்து 'த'. தீக்குச்சியே வேண்டாம், சாமியார் கேட்டிருந்தால் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு கணம் எல்லா வெட்கத்தையும் மறந்து சந்தோஷப்பட்டுவிட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். காலி வண்டியை எட்டிப்பார்த்தாள்.

"நாதா!" என்றாள். "ஐயோ, நம்ம சாமி போயிட்டாரா?"

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்வதற்குள் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. தெருக்கோடியில் யாரோ கோயிலை நோக்கி ஓடுவது தெரிந்தது.

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் இங்கிலீஷும் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாவுமணி அடிக்க ஓடியவன் கயிற்றைப் பிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று, கோயில் பக்கம் ஓட ஆரம்பித்தார்.